கொண்டை போட்டா குடும்பப் பொண்ணு, விரிச்சுப் போட்டா வீம்புக்காரியா? மதுரையில் ஒரு கூந்தல் உலா!

மதுரை என்றதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வரும்? மீனாட்சி, மல்லிகை, ஜிகர்தண்டா, அழகர் ஆற்றில் இறங்குவது... இந்தப் பட்டியலில் இன்னொன்றையும் சேர்க்கலாம். தலைமுடி!

ஆமாம். தமிழில் எல்லோருக்கும் தெரிந்த இலக்கியச் சண்டை ஒரு பெண்ணின் கூந்தலைப் பற்றியது. அது நடந்ததாகச் சொல்லப்படும் இடம் மதுரை. கூந்தலை விரித்துப் போட்டபடி அரண்மனைக்குள் நுழைந்து, ராஜாவிடமே நியாயம் கேட்ட பெண்ணின் கதையும் இதே மதுரையில்தான் நடக்கிறது. ஊரே திரண்டு வணங்கும் ஓர் ஆண் தெய்வம், கொண்டை போட்டுக்கொண்டு வருவதும் இங்கேதான்.

ஒரு பெண்ணின் தலையைப் பார்த்தே அவளைப் பற்றி முடிவு கட்டும் பழக்கம் நமக்கு உண்டு. எண்ணெய் தடவிப் பின்னிய ஜடை என்றால் 'அடக்கமான பொண்ணு'. தோள் வரை வெட்டியிருந்தால் 'கொஞ்சம் மாடர்ன்'. கிராப் என்றால் 'திமிர் புடிச்சவ'. சுருட்டை முடி என்றால் 'கோவக்காரி'. நரையை மறைக்காமல் விட்டால் 'தன்னைக் கவனிச்சுக்க மாட்டா'. அதே நரைக்குச் சாயம் அடித்தால், 'இந்த வயசுல இதெல்லாம் எதுக்கு?'

இந்த முத்திரைகள் எல்லாம் எங்கிருந்து வந்தன? கூந்தல் கதைகள் இவ்வளவு இருக்கும் ஊரிலேயே தேடிப் பார்க்கலாம் என்று, விடிவதற்குள் மாட்டுத்தாவணியில் போய் இறங்கினேன்.

மாட்டுத்தாவணி: கட்டும் கைக்குப் பூ... தலைக்கு?

பேருந்து நிலையத்திலிருந்து கொஞ்ச தூரம்தான் பூ மார்க்கெட். கடையைத் தேட வேண்டாம், மூக்கே கூட்டிக்கொண்டு போய்விடும். மதுரையைச் சுற்றியுள்ள ஊர்களிலிருந்து மூட்டை மூட்டையாக மல்லி வந்து இறங்குகிறது. எல்லாம் மொட்டு. சாயந்திரம் தலையில் இருக்கும்போதுதான் விரியும். கெட்டியான இதழும் நீடித்த வாசமும்தான் இந்தப் பூவின் தனிச்சிறப்பு. 'மதுரை மல்லி' 2013-ல் புவிசார் குறியீடு பெற்றது.

முகூர்த்த நாள் வந்தால் விலை எகிறும். பனி கொட்டும் மார்கழி, தை மாதங்களில் வரத்து குறைந்து, கிலோ ஆயிரக்கணக்கில் போகும். அப்படியும் மதுரைக் கல்யாணங்களில் மல்லி இல்லாத தலையைப் பார்ப்பது கடினம்.

மார்க்கெட்டின் ஓரத்தில் சில அம்மாக்கள் வரிசையாக உட்கார்ந்து பூ கட்டுகிறார்கள். விரல்கள் ஓடுகிற வேகத்துக்குக் கண் ஈடு கொடுக்க முடியவில்லை. ஓர் அம்மாவிடம் ஒரு முழம் கேட்டேன். தோளுக்கு மேலே வெட்டிய என் முடியைப் பார்த்துச் சிரித்துவிட்டார்.

"ஏத்தா, இம்புட்டு முடியில பூவை எங்கிட்டு வப்ப?"

"ஹேர்பின் குத்தி வச்சுக்குவேன்மா."

"அப்ப சரி" என்று ஒரு முழத்தோடு நான்கு விரல் கூடவே அளந்து கொடுத்தார். அப்போதுதான் கவனித்தேன். அவருடைய கொண்டையில் ஒரு பூகூட இல்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த இருவரின் தலையிலும் இல்லை.

"நீங்க வச்சுக்கலையாம்மா?"

"அவரு போயி பன்னெண்டு வருசம் ஆச்சு தாயி. கட்டுற கைக்குத்தேன் பூவு. தலைக்கு இல்ல."

"வச்சா என்னம்மா ஆகும்?"

"ஒண்ணும் ஆகாது. பாக்குறவுக வாய்தான் சும்மா இருக்காது." சொல்லிவிட்டு அடுத்த கண்ணியைப் போடத் தொடங்கினார்.

நாள் முழுக்க அவர் மடியில் மல்லி கிடக்கிறது. அவர் புடவையில், விரலில், மூச்சில் எல்லாம் மல்லி. தலையில் மட்டும் இருக்கக் கூடாது! யோசித்துப் பாருங்கள். ஒரு பெண் பூ வைக்கத் தொடங்குவது கல்யாணத்தன்றைக்கா? தவழும் வயதிலேயே உச்சிக் குடுமி போட்டு, அதில் இரண்டு மல்லியைச் செருகி போட்டோ எடுத்துவிடுகிறோம். கணவர் கொண்டு வராத ஒன்றைக் கணவரோடு சேர்த்து அனுப்பிவிட வேண்டும் என்பது என்ன கணக்கு?

இது இன்று நேற்று வந்த வழக்கம் இல்லை. கணவனை இழந்த பெண்ணின் கூந்தல் களையப்பட்டதைச் சொல்லும் பாடல்கள் புறநானூற்றிலேயே இருக்கின்றன. நம் கொள்ளுப்பாட்டிகளின் காலம் வரை, குறிப்பாகப் பிராமணக் குடும்பங்களில், சின்ன வயதிலேயே கணவரை இழந்த பெண்களுக்கு மொட்டை அடித்து, நார்மடிப் புடவை கட்டிவிட்டார்கள். தலையைப் பார்த்ததுமே 'இவள் யார்' என்று ஊருக்குத் தெரிந்துவிட வேண்டும் என்பதுதான் அதன் நோக்கம். மொட்டை போய்விட்டது. 'பூ இல்லாத தலை' என்ற அடையாளம் மட்டும் இன்னும் மிச்சம் இருக்கிறது.

பொற்றாமரைக் குளம்: ராணியை யார் கேட்டார்கள்?

மீனாட்சி அம்மன் கோயிலுக்குள் போகிறவர்கள் பொற்றாமரைக் குளத்தின் படிகளில் கொஞ்ச நேரம் உட்காராமல் வருவதில்லை. கைபேசிக்கு உள்ளே அனுமதி இல்லை என்பதால் செல்ஃபி தொல்லையும் இல்லை. நிம்மதியாகக் கதை பேசலாம்.

இந்தக் குளத்தில்தான் நக்கீரர் விழுந்தார் என்கிறது திருவிளையாடல் கதை. 1965-ல் வந்த 'திருவிளையாடல்' படத்தின் புண்ணியத்தில் தருமியாக நாகேஷ் புலம்பியதும், சிவனாக சிவாஜியும் நக்கீரராக ஏ.பி.நாகராஜனும் மோதிக்கொண்டதும் நமக்கு மனப்பாடம். செண்பக பாண்டியனுக்கு ஒரு சந்தேகம். ராணியின் கூந்தலில் வருகிற வாசம் இயற்கையா, பூச்சூடியதால் வந்ததா? தீர்த்து வைப்பவருக்கு ஆயிரம் பொற்காசு. இறைவன் எழுதிக் கொடுத்த பாட்டோடு தருமி வருகிறார். 'பெண்களின் கூந்தலுக்கு இயற்கையில் மணம் கிடையாது' என்று நக்கீரர் மறுக்கிறார். நெற்றிக்கண் திறக்கிறது.

இதில் யாரும் அதிகம் பேசாத இரண்டு விஷயங்கள் உண்டு.

முதலாவது, அந்தப் பாட்டு. குறுந்தொகையில் இறையனார் பெயரில் இருக்கும் இரண்டாவது பாடல் அது. தன் காதலியின் கூந்தலை விடவும் மணமான பூ உனக்குத் தெரியுமா என்று ஒருவன் வண்டிடம் கேட்கிறான். அவ்வளவுதான். ஒருவன், ஒருத்தியைப் பற்றி, ஆசையாகச் சொன்னது. அதை அரசவைக்குத் தூக்கிப்போய், 'எல்லாப் பெண்களுக்கும் இப்படியா?' என்று விவாதித்தபோதுதான் அது சண்டையானது. நக்கீரரிடம் வைக்கப்படும் அடுத்தடுத்த கேள்விகளைக் கவனியுங்கள். உயர்ந்த குணமுள்ள பெண்களுக்கு? தேவலோகப் பெண்களுக்கு? அம்பிகைக்கு? கூந்தல் வாசத்தை வைத்து பெண்களைத் தரம் பிரிக்கும் கேள்விகள்! ஒருத்திக்குச் சொன்ன பாராட்டு, எல்லோருக்குமான அளவுகோலாக மாறுவது இப்படித்தான்.

இரண்டாவது விஷயம் இன்னும் எளிமையானது. ராஜா சந்தேகப்பட்டார், புலவர் பாடினார், இன்னொரு புலவர் மறுத்தார், இறைவனே நேரில் வந்தார். சரி... அந்த ராணியை யாராவது கேட்டார்களா? "அம்மா, தலைக்கு என்ன தேய்த்துக் குளிக்கிறீர்கள்?" என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் விவகாரம் அன்றைக்கே முடிந்திருக்கும்.

கோயிலைச் சுற்றியுள்ள கடைவீதிகளில் அந்தக் கேள்விக்குப் பதில் தொங்குகிறது. சவுரி முடி, குஞ்சலம், ராக்கொடி, ஜடைபில்லை, கொண்டை வலை... பரதநாட்டியத்துக்கு, கல்யாணத்துக்கு, காதுகுத்துக்கு எனத் தனித்தனி செட். சவுரியை வாங்குபவர்கள் எல்லா வயதிலும் இருக்கிறார்கள். இடுப்பு வரை ஜடை தொங்கினால்தான் மணப்பெண் என்று மனதில் பதிந்துவிட்டதால், இல்லாதவர்கள் இரவல் முடியைச் சேர்த்துப் பின்னிக்கொள்கிறார்கள். 'கூந்தல் இருக்கிற சீமாட்டி அள்ளி முடிகிறாள்' என்பது பழமொழி. கூந்தல் குறைந்த சீமாட்டிக்காக ஒரு கடைவீதியே இருக்கிறது!

பழைய தமிழில் பெண்ணின் கூந்தலுக்கு 'ஐம்பால்' என்று ஒரு பெயர் உண்டு. ஐந்து விதமாக முடிக்கப்படுவது என்று உரைகாரர்கள் விளக்குகிறார்கள். குழல், அளகம், கொண்டை, பனிச்சை, துஞ்சை என்பது ஒரு பட்டியல். உரைக்கு உரை பட்டியல் கொஞ்சம் மாறும். அந்தக் காலத்திலேயே இவ்வளவு விதம் இருந்திருக்கிறது. நாம்தான் 'நல்ல பொண்ணுன்னா பின்னல்' என்று ஒன்றில் வந்து நின்றுவிட்டோம்.

சிம்மக்கல்: தலைவிரி கோலம்

கோயிலிலிருந்து வடக்கே நடந்தால் சிம்மக்கல். இங்கே செல்லத்தம்மன் கோயிலில் கண்ணகிக்குச் சன்னதி இருக்கிறது. மதுரையை எரித்தவளுக்கு மதுரையிலேயே கோயில்! பழங்காநத்தம் பக்கம் 'கோவலன் பொட்டல்' என்று ஓர் இடமும் உண்டு. கோவலன் கொல்லப்பட்ட இடம் அதுதான் என்று மக்கள் சொல்கிறார்கள்.

சிலப்பதிகாரத்தைக் கண்ணகியின் தலையைப் பார்த்தபடியே படித்துப் பாருங்கள். கதை அங்கேயே கிடைத்துவிடும். கோவலன் மாதவியிடம் போன பிறகு, கண்ணகியின் கூந்தல் எண்ணெயை மறந்துபோகிறது. அவன் கொலையுண்ட பிறகு, கூந்தலை விரித்துப் போட்டபடி பாண்டியன் அவைக்கு வருகிறாள். அதே காப்பியத்தில், கோவலன் இறந்த செய்தி போனதும் மாதவியின் வீட்டில் மாலையோடு சேர்த்துக் கூந்தலும் களையப்படுகிறது. காத்திருப்பு, கோபம், துறவு... மூன்றையும் வாய் திறந்து சொல்வதற்கு முன்பே தலைமுடி சொல்லிவிடுகிறது.

சென்னை மெரினாவில் 1968-ல் வைக்கப்பட்ட கண்ணகி சிலையிலும் கையில் சிலம்பு, விரிந்த கூந்தல். அதைக் கம்பீரம் என்கிறோம். ஆனால், வீட்டுப் பெண் தலையைக் காயவைக்க விரித்தபடி வாசலுக்கு வந்தால், "என்னடி இது தலைவிரி கோலம்?" என்று அதட்டல் வருகிறது.

நம் ஊர் வழக்கத்தில் பெண் கூந்தலை விரிக்க மூன்று இடங்களில்தான் அனுமதி இருந்தது. ஒன்று, சாவு வீட்டில் மாரடித்து அழும்போது. இரண்டு, அருள் வந்து சாமி ஆடும்போது. மூன்று, கண்ணகிபோல, பாஞ்சாலிபோல, சபதம் போடும் அளவுக்குக் கோபம் வரும்போது. ஆக, விரிந்த கூந்தல் என்றால் அந்தப் பெண் கட்டுப்பாட்டில் இல்லை என்று அர்த்தம். கட்டிய கூந்தல் என்றால் 'அடங்கியிருக்கிறாள்' என்று அர்த்தம். 'லூஸ் ஹேர் விட்டுட்டுப் போறா பாரு' என்கிற இன்றைய முணுமுணுப்பின் வேர் அங்கே இருக்கிறது. நான்காவதாக அனுமதி கிடைத்த இடம் ஒன்று உண்டு... ஷாம்பு விளம்பரம்!

மேலமாசி வீதி: சட்டையும் ஜடையும்

மதிய வெயிலில் மேலமாசி வீதி. 1921 செப்டம்பர் 22 அன்று இந்த வீதியில் உள்ள ஒரு வீட்டு மாடியில் தங்கியிருந்தபோதுதான், காந்தி தன் மேலாடையைத் துறந்து அரையாடைக்கு மாறினார். ஓர் ஆண் தன் தோற்றத்தை மாற்றிக்கொண்டார். அது வரலாறானது. கட்டடத்துக்குக் கீழே நின்று அண்ணாந்து பார்க்கும்போது ஒரு எண்ணம் வந்தது. ஒரு பெண் அப்படித் தன் தோற்றத்தைச் சட்டென்று மாற்றிக்கொண்டால், முதலில் என்ன கேட்போம்? "வீட்டுல ஏதும் பிரச்னையா?"

பெண்கள் ஆண்களைப் போலவே கிராப் வெட்டிக்கொள்ளலாம் என்று அந்தக் காலத்திலேயே வெளிப்படையாகச் சொன்னவர் பெரியார். இத்தனை வருடங்கள் கழித்தும் நிலைமை என்ன? அண்ணா நகரில் பியூட்டி பார்லர் நடத்தும் ஓர் அக்காவிடம் கேட்டேன்.

"காலேஜ் புள்ளைக தைரியமா வந்து வெட்டிக்கிதுக. கல்யாண வயசு வந்துட்டா கதை வேற. நாற்காலில உக்காந்துட்டு, 'ஒரு நிமிசம்க்கா'ன்னு போனை எடுப்பாங்க. அம்மாட்ட கேப்பாங்க, மாமியார்ட்ட கேப்பாங்க, வீட்டுக்காரருக்கு போட்டோ அனுப்பி ஓகே வாங்குவாங்க. முடி அவுக தலையில இருக்கு, பர்மிசன் வேற ஆளுட்ட இருக்கு."

"வெட்டக் கூடாதுன்னு சொல்லிட்டா?"

"நுனியை மட்டும் ரெண்டு இன்ச் எடுத்துட்டுப் போவாங்க. அதுக்கும் வீட்டுல திட்டு விழுந்துச்சுன்னு அடுத்த தடவை வந்து சொல்வாங்க."

அவர் சொன்ன இன்னொரு விஷயம் மனதில் தங்கிவிட்டது. குழந்தை பெற்ற சில மாதங்களில் பெண்களுக்கு முடி கொத்துக் கொத்தாகக் கொட்டுவது வழக்கம். ஹார்மோன் மாற்றத்தால் வருவது. பெரும்பாலானவர்களுக்கு ஒரு வருடத்துக்குள் தானாகச் சரியாகிவிடும். ஆனால், அந்த நேரத்தில் பச்சைக் குழந்தையோடு தூக்கமில்லாமல் தவிக்கும் பெண்ணிடம், "எவ்வளவு முடி இருந்துச்சு... இப்படி எலிவால் ஆயிருச்சே" என்று பார்க்க வருபவர்கள் எல்லாம் சொல்லிவிட்டுப் போகிறார்கள். புற்றுநோய் சிகிச்சையில் முடியை இழந்தவர்களின் நிலை இன்னும் கொடுமை. நோயைவிட, 'தலையை எப்படி வெளியில் காட்டுவது' என்ற கவலை பெரிதாகிவிடுகிறது. கூந்தல்தான் பெண்ணின் அழகு, அடையாளம் என்று சொல்லிச் சொல்லி வளர்த்ததன் விலை இது.

திருநங்கைகளுக்கு இந்த வலி நன்றாகத் தெரியும். முடி வளர்ப்பது அவர்களுக்கு, தன்னைப் பெண்ணாக உலகத்துக்குச் சொல்லும் முதல் அடி. அதனால்தான் அவர்களை அவமானப்படுத்த நினைப்பவர்கள் முதலில் கத்தரிக்கோலை எடுக்கிறார்கள்.

நம் சினிமாவும் சும்மா இருக்கவில்லை. மதுரைக்குப் பக்கத்தில் இருக்கும் சோழவந்தான்தான் 1972-ல் வந்த 'பட்டிக்காடா பட்டணமா' படத்தின் கதைக்களம். கிராமத்து சிவாஜிக்குக் குடுமி. வெளிநாட்டில் படித்து வந்த ஜெயலலிதாவுக்கு நவநாகரிகத் தோற்றம். கடைசியில் யார் மாற வேண்டும் என்பதைச் சொல்லவே தேவையில்லை. அதன் பிறகும் எத்தனை படங்கள்! வெட்டிய முடியோடு அறிமுகமாகும் கதாநாயகி, பூ வைத்த பின்னலோடு கோலம் போடும்போது 'திருந்திவிட்டாள்' என்று தியேட்டரே கைதட்டியது.

மதுரை வரைந்து கொடுத்த வேறு மாதிரியான பெண்களும் உண்டு. தமுக்கத்தில் இருக்கும் காந்தி அருங்காட்சியகம், ஒரு காலத்தில் ராணி மங்கம்மாள் அரண்மனை. கணவரையும் மகனையும் இழந்த பிறகு, பேரனுக்காகப் பொறுப்பேற்று 1689-லிருந்து நாட்டை ஆண்டவர் அவர். டி.வி.எஸ். நிறுவனர் டி.வி.சுந்தரம் ஐயங்காரின் மகள் சௌந்தரம், இளம் வயதிலேயே கணவரை இழந்தவர். மருத்துவம் படித்து டாக்டரானார். 1940-ல் ஜி.ராமச்சந்திரனை மறுமணம் செய்துகொண்டார். 1947-ல் இருவரும் சேர்ந்து திண்டுக்கல் அருகே காந்திகிராமத்தைத் தொடங்கினார்கள். பின்னாளில் மத்திய கல்வித் துறை துணை அமைச்சராகவும் ஆனார். பூவையும் பொட்டையும் வைத்துப் பெண்ணின் வாழ்க்கை முடிந்ததா, இல்லையா என்று ஊர் முடிவு செய்த காலத்தில், தன் வாழ்க்கையைத் தானே முடிவு செய்தவர்.

ஸ்ரீவில்லிபுத்தூர்: சாய்ந்த கொண்டை

மதுரையிலிருந்து பேருந்தில் சுமார் இரண்டு மணி நேரம். ஆண்டாள் கோயிலின் 11 நிலை ராஜகோபுரம் தூரத்திலேயே வரவேற்கிறது. உள்ளே ஆண்டாளுக்குப் பக்கவாட்டில் சாய்ந்த கொண்டை. இடது கையில், தினமும் இலைகளால் புதிதாகச் செய்யப்படும் கிளி. ஐயங்கார் வீட்டுக் கல்யாணங்களில் மணப்பெண்ணுக்கு இன்றும் போடப்படும் 'ஆண்டாள் கொண்டை' இதைப் பார்த்து வந்ததுதான். கொண்டையைப் பார்த்தே எந்த வீட்டுப் பெண் என்று சொல்லிவிடும் பழக்கமும் கூடவே வந்தது.

ஆண்டாள் கதையின் திருப்பமே ஒரு தலைமுடிதான். பெருமாளுக்குக் கட்டிய மாலையை யாருக்கும் தெரியாமல் தான் சூடி அழகு பார்க்கிறாள். ஒரு நாள் மாலையில் நீளமான முடி ஒன்று ஒட்டியிருப்பதைப் பெரியாழ்வார் பார்த்துவிடுகிறார். பதறிப்போய் வேறு மாலை கட்டிக்கொண்டு போகிறார். ஆனால் பெருமாளோ, அவள் சூடிய மாலைதான் வேண்டும் என்கிறார்.

நம் வீட்டில் சோற்றில் ஒரு முடி கிடந்தால் என்ன நடக்கும்? தலையில் இருக்கும்வரை கூந்தல், 'கருமேகம்'. உதிர்ந்துவிட்டால் அசிங்கம். அந்த அசிங்கத்தையே தெய்வம் விரும்பிக் கேட்டது என்று ஒரு கதை நம்மிடம் இருக்கிறது. ஆண்டாள் சூடிக் களைந்த மாலை இன்றும் சித்திரைத் திருவிழாவுக்காக ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து மதுரைக்குப் பயணிக்கிறது. அதை அணிந்துகொண்டுதான் அழகர் வைகையில் இறங்குகிறார்.

ஒரு பெண் தலையில் வைத்த பூவை வாங்க ஒரு ஊரே காத்திருக்கிறது. அதே ஊரின் மார்க்கெட்டில், பூவை எடுத்துத் தலையில் வைக்க முடியாமல் சில பெண்கள் கட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

வைகை: அழகருக்குக் கொண்டை, அம்மாவுக்கு மொட்டை

இந்த உலாவின் முக்கியமான காட்சியைப் பார்க்கச் சித்திரா பௌர்ணமிக்கு வர வேண்டும். அழகர்கோயிலிலிருந்து சுமார் 20 கிலோமீட்டர் தூரத்தைக் கடந்து வரும் கள்ளழகர், வழி நெடுகக் கள்ளர் கோலத்தில் வருகிறார். கையில் வளரி, காதில் கடுக்கன், தலையில் கொண்டை! லட்சக்கணக்கானவர்கள் அந்தக் கொண்டையைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிடுகிறார்கள். ஆணின் தலையில் அது வீரம். நம் தாத்தாக்களின் தாத்தாக்கள் எல்லோரும் குடுமி வைத்தவர்கள்தான். பிறகு கிராப்புக்கு மாறினார்கள். கொஞ்ச நாள் முணுமுணுப்பு இருந்தது, அப்புறம் மறந்துபோனார்கள். ஆண்களின் முடி ஒரு தலைமுறையில் விடுதலையாகிவிட்டது. பெண்களின் முடி மட்டும் இன்னும் குடும்ப கௌரவத்தைச் சுமந்துகொண்டிருக்கிறது.

அதே ஆற்றங்கரையில் வரிசையாக உட்கார்ந்து மொட்டை போட்டுக்கொள்கிறார்கள். குழந்தைகள், அப்பாக்கள், அவர்களோடு பெண்களும். பாட்டி, மகள், பேத்தி என்று மூன்று தலைமுறை ஒரே நாளில் மொட்டை போட்டு, சந்தனம் பூசிக்கொண்டு, சர்பத் குடித்தபடி சிரித்துப் பேசிக்கொண்டு நடப்பதை இந்தத் திருவிழாவில் பார்க்கலாம். யாரும் அவர்களைத் திரும்பிப் பார்த்து முகம் சுளிப்பதில்லை. பரிதாபப்படுவதும் இல்லை. "வேண்டுதலா?" என்று ஒரு வார்த்தை. அவ்வளவுதான்.

இந்த இடத்தில்தான் எனக்கு விஷயம் பிடிபட்டது. கைம்பெண்ணுக்கு அடித்ததும் மொட்டைதான். வேண்டுதலுக்குப் போடுவதும் மொட்டைதான். கத்தி ஒன்று, தலை ஒன்று. ஆனால், ஒன்று தண்டனை, இன்னொன்று சந்தோஷம். வித்தியாசம் முடியில் இல்லை. யார் முடிவு செய்தார்கள் என்பதில்தான் இருக்கிறது. பின்னலோ, பாப்போ, கொண்டையோ, மொட்டையோ... அவளே ஆசைப்பட்டுச் செய்துகொண்டால் அது அலங்காரம். அடுத்தவர் சொல்லிச் செய்தால் அது அடையாள அட்டை.

நீளமான ஜடையும் மல்லியும் பிடித்துப் போட்டுக்கொள்பவர்களைப் 'பட்டிக்காடு' என்று நினைப்பதும் இதே தப்புதான். இன்றைய அலுவலகங்களில், எண்ணெய் வைத்த தலையைப் பார்த்ததும் 'இந்தப் பொண்ணுக்கு இங்கிலீஷ் வராது' என்று முடிவு கட்டுபவர்கள் இருக்கத்தானே செய்கிறார்கள்? முத்திரை மாறியிருக்கிறது. குத்தும் பழக்கம் மாறவில்லை.

அடுத்த முறை மதுரைக்குப் போனால் மல்லி வாங்குங்கள். வாங்கியதில் ஒரு முழத்தைக் கட்டிக் கொடுத்த அம்மாவிடமே நீட்டி, "வச்சுக்கங்கம்மா" என்று சொல்லிப் பாருங்கள். வாங்கிக்கொள்வதும் மறுப்பதும் அவர் இஷ்டம். கேட்க ஒருவர் இருந்தார் என்பதாவது இருக்கட்டும். நம் வீட்டில் பூவை ஒதுக்கி வைத்துவிட்ட அம்மாவோ, அத்தையோ, பாட்டியோ இருந்தால், இதற்காக மதுரை வரைகூடப் போக வேண்டியதில்லை.

போகிறவர்கள் கவனத்துக்கு...

* மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டை அதிகாலையில் பார்ப்பதே அழகு. வெயில் ஏறினால் கூட்டமும் வாசமும் குறைந்துவிடும்.

* மீனாட்சி அம்மன் கோயில் நடை மதியம் சாத்தப்படும். காலையிலேயே போய்விடுங்கள். கைபேசியை வெளியில் உள்ள பாதுகாப்பு அறையில் கொடுத்துவிட்டுத்தான் உள்ளே போக முடியும்.

* செல்லத்தம்மன் கோயில், மேலமாசி வீதி இரண்டையும் நடந்தே பார்க்கலாம். தமுக்கத்தில் உள்ள காந்தி அருங்காட்சியகத்துக்கு ஆட்டோ, பேருந்து வசதி உண்டு.

* ஸ்ரீவில்லிபுத்தூருக்கு மதுரையிலிருந்து அடிக்கடி பேருந்துகள் இருக்கின்றன. மாலை நடை திறந்த பிறகு போனால் நிதானமாகத் தரிசிக்கலாம். திரும்பும்போது பால்கோவாவை மறக்காதீர்கள்.

* சித்திரைத் திருவிழாவுக்குப் போவதாக இருந்தால், தங்கும் அறையை முன்கூட்டியே பதிவு செய்துவிடுங்கள். குழந்தைகளையும் பெரியவர்களையும் ஆற்றங்கரை நெரிசலுக்குள் கூட்டிப்போக வேண்டாம்.